இரத்தம் சிவந்திருப்பது ஏன்?

 

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுக்கும் இடத்தில் நிற்கும் சிறுவன் ஒருவன், "வாப்பா! ஆட்டுக்கும் சிவப்பு, மாட்டுக்கும் சிவப்பு, என் முழங்காலில் அடிபட்டால் வருவதும் சிவப்பு. இரத்தம் ஏன் பச்சையாகவோ நீலமாகவோ இல்லை?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? "அல்லாஹ் அப்படிப் படைத்தான்" என்போம். அது உண்மைதான். ஆனால் அது பாடத்தின் தொடக்கமே தவிர முடிவன்று. எப்படிப் படைத்தான், எதைக் கொண்டு அந்த நிறத்தை அமைத்தான் என்று ஆராய்வதும் அவன் அத்தாட்சிகளைச் சிந்திப்பதன் ஒரு பகுதியே.

இவ்விஷயம் அறிவுக்கு விருந்து மட்டுமன்று. நம் வீட்டுப் பெண்களின் களைப்பு, கடையில் நிற்கும் நம் மூச்சு வாங்கல், பிள்ளைகளின் நிக்காஹ், சர்க்கரை நோய், தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் ஆகிய எல்லாம் இந்தச் சிவப்போடு தொடர்புடையவை. ஆகவே சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.

துணி வியாபாரி கண்ட காட்சி

இரத்தம் சிவப்புத் திரவம் என்றே நாம் எண்ணுகிறோம். அஃது அவ்வாறன்று. ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை உறையாமல் வைத்தால், சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரியும். மேலே தெளிந்து நிற்கும் நீர் இளமஞ்சள் நிறமாக இருக்கும். இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். நூற்றில் 55 பங்கு இதுவே. அடியில் தங்குவதுதான் சிவப்பு. அது திரவமன்று, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிச் சிவப்பணுக்களின் திரள்.

இந்த அணுக்களை முதன்முதல் தெளிவாகக் கண்டு விவரித்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? பெரிய வைத்தியருமல்லர், பல்கலைக்கழகப் பண்டிதருமல்லர். நம்மைப்போல் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்த அந்தோனி வான் லேவன்ஹுக் என்பவரே அவர். துணியின் இழையை எண்ணித் தரம் பார்ப்பதற்கு அக்காலத்து வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் அதோடு நிற்கவில்லை. தம் கையாலேயே மேலும் மேலும் நுண்ணிய கண்ணாடிகளைத் தேய்த்து, குளத்து நீரையும் பல் அழுக்கையும் ஆராய்ந்தார். 1674இல் தம் இரத்தத்தையும் பார்த்தார். தெளிந்த நீரில் சிறுசிறு உருண்டைகள் மிதப்பதைக் கண்டு இலண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். இலத்தீன் அறியாத ஒரு கடைக்காரரின் கடிதங்களை அந்தச் சபை மதித்து வெளியிட்டது. வியாபாரத்துக்கு வாங்கிய கருவியைக் கொண்டே கல்வியைத் தேடலாம் என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த அணு ஒன்றின் அகலம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றில் ஏழு அல்லது எட்டுப் பங்கு. நடுவில் குழிந்த தட்டைப் போன்ற வடிவம். வளர்ந்த மனிதர் உடலிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 25 இலட்சம் கோடி உள்ளன. தனியே ஒன்றை நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெளிறிய மஞ்சளாகத்தான் தோன்றும். பல கோடி ஒன்று சேர்ந்தால்தான் சிவப்பு. ஒற்றை நூலில் சாயம் மங்கலாகத் தெரிந்தாலும் முழுத் துணியாக விரிக்கும்போது நிறம் எழுவதைப் போன்றது இது.

சாயவேரும் இரும்பும்

அணுவுக்குள் இருப்பது என்ன? ஹீமோகுளோபின் என்னும் ஒரு பொருள். ஒரே சிவப்பணுவுக்குள் இதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 27 கோடி அடங்கியுள்ளன. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு புரதச் சரடுகள் உண்டு. ஒவ்வொரு சரடும் ஹீம் என்னும் ஒரு சிறு வளையத்தைத் தாங்குகிறது. அந்த வளையத்தின் நட்டநடுவில், மோதிரத்தில் பதித்த கல்லைப்போல் ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கிறது. ஆக, ஒரு மூலக்கூறுக்கு நான்கு இரும்பு.

இரத்தத்தில் இரும்பு உண்டு என்பது இன்று நேற்றுத் தெரிந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், இத்தாலியின் பொலோன்யா நகரத்து மெங்கினி என்பவர் இரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கி, அதன்மேல் காந்தத்தைக் காட்டினார். சாம்பல் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன!

"சரிதான், இரும்பு துருப்பிடித்தால் சிவக்கும், இரத்தமும் அப்படித்தான்" என்று சிலர் சொல்லுவர். இது பலரும் செய்யும் பிழை. துருவின் நிறம் வேறு, இரத்தத்தின் நிறம் வேறு. இதை விளங்கிக்கொள்ள நம் முன்னோரின் தொழிலையே உதாரணமாகக் கொள்வோம்.

சோழமண்டலக் கரையிலிருந்து நம் மூதாதையர் கப்பலேற்றி மலாய்த் தீவுகளுக்குக் கொண்டுவந்த சாயத் துணிகளில் அந்தச் செம்மை எதனால் வந்தது? சாயவேர் என்னும் ஒரு செடியின் வேரால் வந்தது. ஆனால் வேரை மட்டும் கொதிக்க வைத்துத் துணியை முக்கினால் அழகிய சிவப்பு நிலைக்காது. துணியில் முதலில் படிகாரம் ஏற்ற வேண்டும். படிகாரத்திலுள்ள உலோகம் வேரின் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் சிவப்பு எழும். அதே வேர்ச் சாயத்தை, இரும்புத் துண்டு ஊறிய நீர் ஏற்றிய துணியில் இட்டால் சிவப்பு வராது. ஊதா கலந்த கருமையே வரும். வேர் ஒன்றே, உலோகம் மாறினால் நிறம் மாறும். உலோகம் மட்டும் நிறம் தரவில்லை, வேர் மட்டும் தரவில்லை. இரண்டின் சேர்க்கையே தருகிறது.

இரத்தமும் அவ்வாறே. ஹீம் என்னும் வளையமே சாயவேர். நடுவில் அமர்ந்த இரும்பே உலோகம். இந்தச் சேர்க்கை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஊதா, நீலம், பச்சை ஆகிய பகுதிகளை மிகுதியாக விழுங்கிவிடுகிறது. எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இன்னொரு விந்தையைப் பாருங்கள்! இலைகளின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளும் இதைப்போன்ற ஒரு வளையம்தான். ஆனால் அங்கே நடுவில் இரும்புக்குப் பதில் மக்னீசியம் அமர்ந்திருக்கிறது. மரத்தின் பசுமையும் மனிதனின் செம்மையும் அமைப்பால் நெருங்கிய உறவினர்!

கடலுக்குள் போனால் வேறு வகை இரத்தமும் உண்டு. கணவாய், நண்டு, இறால் முதலியவற்றுக்கு இரும்புக்குப் பதில் செம்பு. அவற்றின் இரத்தம் காற்றுப் பட்டால் இளநீலமாகும். ஆனால் நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் 'கெராங்' என்னும் சிப்பியைத் திறந்தால் சிவந்த நீர் வருவதைக் காணலாம். அதற்கு ஹீமோகுளோபின் உண்டு என்பதே காரணம்.

இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிய ஒரு மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். மேக்ஸ் பெருட்ஸ் என்பவர் கேம்பிரிட்ஜில் 1937இல் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். 1959இல்தான் வடிவம் தெளிந்தது. 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுப் பொறுமை!

வெளிர்ச் சிவப்பும் கருஞ்சிவப்பும்

இவ்வளவு ஏற்பாடும் அழகுக்காகவா? இல்லை. இந்த இரும்புக்கு ஒரு வேலை உண்டு. சுவாசப்பையில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு, உடலெங்கும் இறக்கிவிட்டு வருவதே அந்த வேலை. ஹீமோகுளோபின் இல்லாமல் இரத்த நீரில் வெறுமனே கரைந்து செல்லக்கூடிய பிராணவாயு மிக அற்பம். ஹீமோகுளோபின் இருப்பதால் அதைப்போல் அறுபது எழுபது மடங்கு ஏறுகிறது. சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகம் விட்டுத் துறைமுகம் போவதை ஒப்பது இது.

பிராணவாயு ஏறியதும் வளையத்தில் இரும்பு அமர்ந்திருக்கும் நிலையே சற்று மாறுகிறது. அதனால் வெளிச்சத்தை விழுங்கும் விதமும் மாறுகிறது. ஆகவே சரக்கேற்றிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. சரக்கிறக்கிய இரத்தம் கருஞ்சிவப்பு. புறங்கையில் நீலமாகத் தெரியும் நரம்புகளில் ஓடுவது நீல இரத்தம் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. மனித உடலில் நீல இரத்தமே கிடையாது. தோலுக்கடியில் வெளிச்சம் சென்று திரும்பும் விதத்தால் அவ்வாறு தோன்றுகிறது. பரிசோதனைக்கு ஊசியால் எடுக்கும்போது குழாயில் ஏறுவது கருஞ்சிவப்பே என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

கருஞ்சிவப்பு இரத்தம் வெளிர்ச் சிவப்பாக மாறுவது சுவாசப்பையில், காற்றுப் படுவதால்தான் என்பதை ஆங்கில வைத்தியர் ரிச்சர்ட் லோவர் 1669இல் பரிசோதித்துக் காட்டினார். ஆனால் இருதயத்தின் வலப்புறத்து இரத்தம் சுவாசப்பை வழியாகச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இடப்புறம் வந்து சேருகிறது என்பதை அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687இல், அதாவது கி.பி. 1288இல் வபாத்தான அலாவுத்தீன் இப்னு அந்நபீஸ்.

அதுவரை, இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்று கிரேக்க வைத்தியர் கேலன் கூறியதையே உலகம் நம்பி வந்தது. வைத்திய மேதை இப்னு ஸீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதப் புகுந்த இப்னு அந்நபீஸ், அச்சுவரில் துளையே இல்லை என்று துணிந்து எழுதினார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக, இல்லாததை உண்டென்று அவர் எழுதவில்லை. இவர் வைத்தியர் மட்டுமல்லர். ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். நம் கடலோர ஊர்களில் நாம் ஓதும் ஃபிக்ஹின் அதே வழியில் நின்றவர். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி ஆஸ்பத்திரிக்கே விட்டுச் சென்றார். அவருடைய கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்ததை 1924இல் எகிப்தைச் சேர்ந்த முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் வைத்தியர் கண்டு உலகுக்கு அறிவித்தார். நம்முடைய செல்வம் நம் கையிலேயே இருந்தும் நாம் அறியாதிருந்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020இல் கொரோனா தொற்றுப் பரவியபோது, விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியை நம்மில் பலர் வாங்கினோம். அதுவும் இந்த நிற மாற்றத்தை வைத்தே வேலை செய்கிறது. விரலின் ஒருபுறமிருந்து இருவகை ஒளியைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வந்து சேருகிறது என்று பார்த்து, இரத்தம் எவ்வளவு சரக்கேற்றியிருக்கிறது என்று கணக்கிடுகிறது.

இறைச்சியின் சிவப்பு

உணவுக்கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் இரத்தம் ஹராம் என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆம் வசனம் தெளிவாக்குகிறது. முறையாக அறுத்து இரத்தம் வடிந்த பின்னும், கறியைக் கழுவும்போது செந்நீர் வருவதைக் கண்டு சிலர் ஐயுறுவர். அந்தச் செந்நீரில் பெரும்பங்கு இரத்தமன்று. தசைக்குள்ளேயே மையோகுளோபின் என்னும் இன்னொரு பொருள் உண்டு. அதற்கும் ஹீம் வளையமும் இரும்பும் உண்டு. அதனால் அதுவும் சிவப்பு. ஓடும் இரத்தம் நீங்கிய பின் இறைச்சியில் தங்குவது மன்னிக்கப்பட்டது என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் பழைய விஷயம். விஞ்ஞானம் அதற்கு முரணாக எதுவும் கூறவில்லை. வெட்டியதும் உள்ளே கருத்திருக்கும் கறி காற்றுப் பட்டுச் சிவப்பதும், நாட்பட்டால் பழுப்பாவதும் இந்தப் பொருளின் மாற்றமே.

நூற்றிருபது நாள் கணக்கு

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நான்கு மாதம் ஓடியாடி, பின் மண்ணீரலிலும் ஈரலிலும் அழிகிறது. ஈடு செய்ய வினாடிக்குச் சுமார் 20 இலட்சம் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.

அழிந்த அணுவின் வளையம் உடைந்து முதலில் பச்சையாகி, பின் மஞ்சளாகிறது. அடிபட்ட இடம் முதலில் கன்றி, பிறகு பச்சை பூத்து, மஞ்சளாகி மறைவது இதனால்தான். இந்த மஞ்சள் பித்தநீரோடு வெளியேறாமல் தேங்கினால் மஞ்சள் காமாலை.

ஜவுளி வியாபாரிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, சிவப்பணுவைக் காக்கும் ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஜி-சிக்ஸ்-பி-டி குறைவு என்பார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடனேயே இதைச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். நாம் துணிக்குள் போடும் அந்துருண்டையின் நாப்தலீன் இக்குழந்தைகளுக்கு விஷம். அதன் வாடை ஏறிய துணியைச் சுற்றினாலே அணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்து, கடும் காமாலை கண்டு, மூளைக்கே தீங்கு நேரலாம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய துணியை அந்துருண்டை வாடையோடு கொடுத்தனுப்பாதீர்கள். கடையிலும் குழந்தைத் துணிக்கு அருகே அதனைப் போடாதீர்கள்.

அடுத்து, சர்க்கரை நோய். இரத்தத்திலுள்ள சர்க்கரை ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு அழியும்வரை போகாது. சர்க்கரை நோயாளரின் ஹீமோகுளோபினில் இந்த வேறுபாடு இருப்பதை 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்து டாக்டர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். இன்று ஹெச்பிஏ1சி என்று சொல்லும் பரிசோதனை இதிலிருந்தே பிறந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடாமல், "என் சர்க்கரை சரியாக இருக்கிறது" என்று மகிழ்வோர் நம்மில் உண்டு. அன்றைய கல்லாவை மட்டும் காட்டி வியாபாரம் இலாபம் என்பதை ஒத்தது இது. சிவப்பணுவோ பேரேடு. கடந்த இரண்டு மூன்று மாத வரவையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அதைத் திருத்த முடியாது. இந்தப் பரிசோதனையில் நூற்றுக்கு 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய் என்பது பொதுவான அளவு. இரத்தச் சோகை உள்ளவர்க்கு இந்த எண் பிசகலாமாதலால், சோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதலும் இருப்பும்

இனி முக்கியமான பாகத்துக்கு வருவோம். நம் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராம்தான். ஒரு சிறு ஆணியின் எடை. இதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் உள்ளது. புதிய அணுக்கள் செய்ய நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு தேவை. ஆனால் உணவிலிருந்து உடல் ஏற்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? அழிந்த அணுக்களின் இரும்பை உடல் வீணாக்காமல் திரும்பவும் புரட்டுகிறது. சிறு முதலில், கைமாற்றிக் கைமாற்றிப் பெரிய வியாபாரம் நடக்கிறது!

இத்தகைய வியாபாரத்தில் சிறு ஒழுக்கு இருந்தாலும் முதல் கரைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததன்று. முதலில் ஈரலில் இருக்கும் சேமிப்பு குறையும். அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு புதிய அணுக்கள் சிறுத்து வெளிறிப் பிறக்கும். அதுவே சோகை. கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை, நகம் ஆகியவற்றின் செம்மை குறையும். ஹகீம்கள் இமையை இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். களைப்பு, படியேறினால் மூச்சு, படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் சரக்குக் கப்பல்கள் குறைந்ததன் அறிகுறி. ஹீமோகுளோபின் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

பெண்களுக்கு மாதந்தோறும் இரும்பு செலவாகிறது. ஒரு பிள்ளைப் பேற்றுக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு வேண்டும். அதாவது மொத்த முதலில் நான்கில் ஒரு பங்கு! அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, எல்லோரும் உண்ட பின் மிச்சத்தை உண்ணும் தாய்மார்களை "சோம்பல்" என்று குறை சொல்லுமுன், அவர்கள் இமையைப் பாருங்கள். கறியின் நல்ல துண்டு கடைசியில் வருபவருக்கு மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

ஆண்கள் விஷயம் வேறு. நடுத்தர வயதுக் கடைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதவிலக்கில்லை, பிள்ளைப்பேறில்லை, கறி மீன் தாராளமாக உண்கிறார். அவருக்கு இரும்புச் சோகை ஏன் வரவேண்டும்? "வயதாகிவிட்டது" என்று சொல்லி, மருந்துக்கடையில் ஒரு சத்து டானிக் வாங்கிக் குடித்தால் போதாது. எங்கோ கல்லா ஒழுகுகிறது என்று பொருள். மூட்டுவலிக்கு அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கிச் சிறுகச் சிறுக இரத்தம் கசியலாம், மூலம் இருக்கலாம், குடலில் கட்டியும் இருக்கலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக் கூடியது, டானிக்கால் மறைந்து முற்றிவிடும். ஆண்களுக்கு இரும்புச் சோகை என்றால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

உணவைப் பற்றி இரு குறிப்புகள். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைவிட எளிதில் உடலில் சேரும். கீரை, பருப்பு உண்போர் எலுமிச்சை, கொய்யா, நெல்லி இவற்றைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் நன்கு சேரும். ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால், தேயிலையின் துவர்ப்பு கீரை, பருப்பின் இரும்பைப் பற்றிக்கொண்டு பாதிக்கும் மேல் வீணாக்கிவிடக் கூடும். தே தாரிக் ஆற்றி உலகுக்கே பெயர் பெற்ற நாம் தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள் என்றே சொல்கிறோம். சோகையுள்ள பெண்களும் பிள்ளைகளும் இதை அவசியம் கடைப்பிடிக்க வேண்டும்.

சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதன்று. தலசீமியா என்பது ஹீமோகுளோபினின் சரடுகளைச் செய்வதில் பிறவியிலேயே உள்ள குறை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பார். தமக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் ஒரே வகைக் குறையுள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கடும் நோயோடு பிறக்க. கடும் நோயுள்ள அப்பிள்ளைகள் மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்றியே வாழ வேண்டியிருக்கும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லாததால், அது இருதயத்திலும் ஈரலிலும் தேங்கும். அதற்கும் வேறு மருந்து வேண்டும். மாமன் மகள், மாமி மகன் என்று உறவிலேயே மணமுடிக்கும் நம் குடும்பங்களில் ஒரே குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். மஹர் பேசுமுன், மண்டபம் பார்க்குமுன், இருவரின் இரத்தத்தையும் சோதித்துவிடுவது வெட்கப்படத் தக்கதன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்யும் முதல் கடமை அது.

சிவப்பே ஏமாற்றும் இடம்

இதுவரை வெளிறுதல் ஆபத்து என்றோம். சிவப்பே ஆபத்தாகும் இடமும் உண்டு. கரி அடுப்பு, ஜெனரேட்டர், மோட்டார் வண்டி இவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆனால் ஹீமோகுளோபினின் இரும்பைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். பற்றிய இரத்தம் செர்ரிப் பழம்போல் சிவந்திருக்கும். அதில் உயிர்க்காற்றோ இராது. விரலில் மாட்டும் கருவியும் இதில் ஏமாந்து நல்ல எண்ணையே காட்டும். ஆகவே கதவடைத்த கடைக்குள் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டி உறங்காதீர்கள். மூடிய கொட்டகையில் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திராதீர்கள். இத்தகைய இடத்தில் இருப்போர்க்கெல்லாம் ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால், உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

ஒரு துளியின் கணக்கு

இரத்ததானம் செய்யப் போனால் முதலில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள். பல ஆண்டுகளாக அத்துளியை மயில்துத்தம் கரைத்த நீல நீரில் விடுவது வழக்கமாக இருந்தது. இரும்புள்ள கனமான துளி மூழ்கும். சோகைத் துளி மிதக்கும். இப்போது அதற்குச் சிறு கருவிகள் வந்துவிட்டன. "உங்கள் இரத்தம் போதாது" என்று திருப்பியனுப்பினால் கோபம் கொள்ளாதீர்கள். ஒழுக்கு எங்கே என்று தேட உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

தகுதியுள்ளவர் கொடுத்தால், ஒரு தானத்தில் 450 மில்லிலிட்டர் வரை எடுப்பார்கள். நீர் ஓரிரு நாளில் ஈடாகும். அணுக்கள் சில வாரங்களில் நிறையும். இரும்புக்கு மட்டும் சில மாதமாகலாம். அதனால்தான் இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். நோன்பு மாதத்தில் பகலில் கொடுப்போர் குறைவது இயல்பு. ஆனால் தலசீமியாப் பிள்ளைக்கு அம்மாதத்திலும் இரத்தம் வேண்டும். ஆகவே ஷஃபான் மாதத்திலேயே கொடுத்துவிட நாம் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டால் எவ்வளவு நன்று! ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது நம் மார்க்கம் தரும் படிப்பினை அன்றோ!

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு 'அல்ஹதீத்', அதாவது இரும்பு என்றே பெயர். வாளிலும் கலப்பையிலும் தராசுக் கம்பியிலும் இரும்பைக் காணும் நாம், நம் உடலுக்குள் ஓடும் அந்தச் சிறு ஆணியளவு இரும்பையும் எண்ணிப் பார்ப்போமாக. மேற்சொன்ன சிறுவன் மீண்டும் கேட்டால், "மகனே! இலையைப் பச்சையாக்கிய வளையத்தைப் போன்ற ஒரு வளையத்தில் அல்லாஹ் ஓர் இரும்பைப் பதித்து, நம் மூச்சைச் சுமக்க வைத்தான், அதனால் இரத்தம் சிவப்பு" என்று சொல்வோமாக. சொல்லிவிட்டு, அவன் தாயின் இமையையும் ஒருமுறை பார்ப்போமாக.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் பூரண ஆரோக்கியத்தையும், பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.